இன்டரப்ட் வரும்போது கெர்னல் ஸ்டேக்கில் எது எங்கே உட்காரும்?

64 பிட் எக்ஸ்86-க்குச் சொந்தமாகக் கெர்னல் எழுதிப் பார்க்கிறீர்களா? எனக்கு டைமர் இன்டரப்ட் ஒழுங்காக ஓடியது, முதல் பேஜ் ஃபால்ட்டிலிருந்து (அணுக முடியாத நினைவகப் பக்கத்தைத் தொட்டால் வரும் எக்செப்ஷன்) திரும்பும்போது மட்டும் 13-ஆம் எக்செப்ஷன் (ஜெனரல் ப்ரொடெக்ஷன் ஃபால்ட்) வந்து விழுந்தது, ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு.

விஷயம் இதுதான். இன்டரப்டோ எக்செப்ஷனோ வந்தால் ப்ராசஸர் ஓடும் வேலையை நிறுத்தி, முதலில் ஸ்டேக்கை 16 பைட் எல்லைக்கு இறக்கிவிட்டு எஸ்எஸ் (ஸ்டேக் செக்மென்ட்), ஆர்எஸ்பி (ஸ்டேக்கின் உச்சி முகவரி), ஆர்ஃப்ளாக்ஸ் (நிலைக்கொடிகள்), சிஎஸ் (கோட் செக்மென்ட்), ஆர்ஐபி (அடுத்த கட்டளையின் முகவரி) என்று ஐந்து ரெஜிஸ்டர்களைத் தள்ளும், மொத்தம் 40 பைட். 8, 13, 14 மாதிரி சில எக்செப்ஷன்களுக்கு மட்டும் அதன்மேல் எரர் கோட் ஒன்றும் வைக்கும். ஆனால் இன்டரப்ட்டிலிருந்து திரும்பும் கட்டளையான ஐரெட்க்யூ அதை எடுக்காது, நாம்தான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. எரர் கோடை ஆர்ஐபி என்றும் நிஜ ஆர்ஐபியைச் சிஎஸ் என்றும் படித்துவிட்டு, இப்படி ஒரு செக்மென்ட்டே இல்லையே என்று ப்ராசஸர் கத்தியது.

அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு வையுங்கள். எரர் கோட் வராதவற்றுக்கு நீங்களே ஒரு 0 தள்ளுங்கள், அப்புறம் வெக்டர் எண் (எந்த இன்டரப்ட் என்று சொல்லும் எண்), அப்புறம் ஆர்எஸ்பி தவிர்த்த 15 ரெஜிஸ்டர்கள். 40+8+8+120, ஆக 176. பதினாறால் சரியாக வகுபடுகிறது, அப்படியே சி ஃபங்ஷனைக் கூப்பிடலாம். திரும்பும்போது ரெஜிஸ்டர்களை எடுத்து, ஆர்எஸ்பியோடு 16 கூட்டி, ஐரெட்க்யூ. சி ஸ்ட்ரக்ட்டில் வரிசை தலைகீழ்: கடைசியில் தள்ளியதுதான் முதல் உறுப்பு.

யூசர் மோடிலிருந்து வந்தால் ஸ்டேக் முகவரி டிஎஸ்எஸ்-இல் (ப்ராசஸர் கெர்னல் ஸ்டேக் முகவரிகளைப் பார்க்கும் அட்டவணை) உள்ள ஆர்எஸ்பி0-இலிருந்து வரும். ஸ்டேக் கீழ்நோக்கி வளர்வதால் ஸ்டேக்குக்கு ஒதுக்கிய அர்ரேயின் தொடக்கத்தை அல்ல, முடிவை அதில் போடுங்கள். த்ரெட் மாறும் ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள்.

கெர்னல் ஸ்டேக்கே நிரம்பிவிட்டால்? அடியில் கார்டு பேஜ் (வேண்டுமென்றே மேப் செய்யாமல் விட்ட பக்கம்) இருந்தால் பேஜ் ஃபால்ட் வரும், அதைத் தள்ளவும் இடமில்லாமல் டபுள் ஃபால்ட், அதற்கும் இடமில்லை என்றால் ட்ரிபிள் ஃபால்ட், மெஷின் ரீபூட். டபுள் ஃபால்ட்டுக்கு ஐஎஸ்டி (டிஎஸ்எஸ்-இல் உள்ள தனி ஸ்டேக் பட்டியல்) வழியாகத் தனி ஸ்டேக் கொடுங்கள், மொத்தம் ஏழு இடம் உண்டு. பேஜ் ஃபால்ட்டுக்கு மட்டும் ஐஎஸ்டி வேண்டாம்: ஐஎஸ்டி ஸ்டேக் ஒவ்வொரு முறையும் உச்சியிலிருந்தே தொடங்கும், ஒன்றுக்குள் ஒன்று வந்தால் முந்தைய ஃப்ரேம் அழிந்துவிடும்.

இன்னொன்று, கம்பைலரில் ரெட் ஜோனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆர்எஸ்பிக்குக் கீழே யாரும் தொடமாட்டார்கள் என்று கம்பைலர் நம்பி வைத்திருக்கும் 128 பைட்டின் (அதுதான் ரெட் ஜோன்) மேல்தான் இன்டரப்ட் வரும்போது ப்ராசஸர் எழுதும்.