சொதி இருக்கட்டும், சோறு குறையட்டும்

சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுவதைச் சிலர் பேலியோ என்கிறார்கள், சிலர் கீட்டோ என்கிறார்கள். பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றுவது மாவும் இனிப்பும். புரதம் கொஞ்சம் ஏற்றும், கொழுப்பு அநேகமாக ஏற்றுவதில்லை. இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கும்வரை டாக்டர்கள் கையில் இருந்த பெரிய வைத்தியமே சாப்பாட்டைக் குறைப்பதும் மாவைக் குறைப்பதும்தான்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. எனக்கு டைப் 2. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கிடையாது, மத்தியானம் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஒரே அடுப்பில் இரண்டு பேருக்கும் சமைத்து இதை எப்படி நடத்துவது என்பதைத்தான் எழுதுகிறேன். அவகாடோ, பாதாம் மாவு எதுவும் வாங்க வேண்டாம்.

முதல் வேலை, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்ப்பது. ஒப்புக்குச் சொல்லவில்லை. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், படபடக்கும். அப்படி வந்தால் அந்த நேரத்தில் பேலியோவாவது ஒன்றாவது! மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு மாவை ரொம்பக் குறைத்தால், வீட்டில் சர்க்கரை அளக்கிற மீட்டர் பெரிதாக எதுவும் காட்டாதபோதே ரத்தம் அமிலமாகி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடலாம். பிரஷர் மாத்திரையைக்கூடக் குறைக்க வேண்டி வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், கிட்னி பாதித்தவர்கள், கணையத்தில் வீக்கம் வந்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு இதில் இறங்கவே கூடாது.

அடுத்தது மீட்டர். முதல் வாரம் சாப்பாட்டில் எதையும் மாற்றாதீர்கள், அளந்து மட்டும் எழுதி வையுங்கள். சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். பழம் நறுக்கிய கையோடு குத்தினால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. மூன்று இட்லியும் சட்னியும் என்னை 118-லிருந்து 212-க்குக் கொண்டுபோயின. இரண்டு முட்டையும் அவரைக்காய்ப் பொரியலும் சாப்பிட்ட நாளில் 120 போய் 131 ஆனது, அவ்வளவுதான். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. நம் ஊர்ச் சாப்பாட்டில் 300 கிராம் சோறு சாதாரணமாகப் போய்விடும், அது மட்டுமே 84 கிராம். கீட்டோ என்று கண்டிப்பாக இருப்பவர்கள் நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள் நிற்கிறார்கள். நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே குறைந்த மாவு உணவு என்று கணக்கு. அங்கே தொடங்கி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து இறங்குவதுதான் என் யோசனை. எடுத்த எடுப்பில் 20 கிராமுக்குப் போகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதைத்தான் பார்க்கிறேன்.

'சுகரா? அப்போ ராத்திரி சப்பாத்தி சாப்பிடு' என்று ஊரே சொல்லும். மூன்று சப்பாத்தி என்றால் 50 கிராம் மாவுச்சத்தை ஒட்டி வந்துவிடும், சோற்றைவிட்டுத் தப்பித்ததாக அர்த்தமே இல்லை. சிறுதானியமும் அப்படித்தான். கேழ்வரகு, தினை, வரகு எல்லாவற்றிலும் சமைக்காத தானியமாக 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம்வரை மாவுதான். நார்ச்சத்து உண்டு, சத்தும் உண்டு, சரி. அதற்காகக் களியை உருட்டி உருட்டிச் சாப்பிட்டால் மீட்டர் சும்மா இருக்காது. கருப்பட்டிக் காபியை நான் விட்டதைத்தான் எங்கள் வீட்டில் யாரும் மன்னிக்கவில்லை. கருப்பட்டி கரைந்த பிறகு ரத்தத்துக்கு அதுவும் சீனியும் ஒன்றுதான், என்ன செய்ய!

இப்போது அடுப்புக்கு வருவோம். நம் குழம்பு, கூட்டு எல்லாமே சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்கென்று உப்பு, புளி, காரம் கூட்டிச் செய்வது. சோற்றை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தால் நாக்கு வெந்துவிடும், உப்பும் அளவுக்கு மீறி உள்ளே போகும். அதனால் உப்பு, புளி, மிளகாய் மூன்றையும் பாதியாக்கி, காயை இரண்டு மடங்காக்குங்கள். சோறு சாப்பிடுகிறவர் தட்டில் கொஞ்சம் உப்பும் ஊறுகாயும் தனியாக வைத்துவிட்டால் ஆயிற்று.

எங்கள் பக்கத்துச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு, இதற்கென்றே பிறந்தது. ஒரு தேங்காயைத் துருவி அரைத்து மூன்று பால் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சொதியில் உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, கேரட் எல்லாம் போடுவார்கள். நான் கிழங்கையும் பட்டாணியையும் விட்டுவிட்டு முருங்கைக்காய், பீன்ஸ், காலிஃபிளவர், சின்ன வெங்காயம் போடுவேன், கேரட் பேருக்கு நாலு துண்டு. காய்களை மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும். பாசிப்பருப்பு கெட்டியாவதற்கு மட்டும், குழைய வேகவைத்து இரண்டு ஸ்பூன் போதும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்து விட்டு, பச்சை வாசனை போனதும் இரண்டாம் பால். ஒரு கொதி வந்தால் தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டுகிறபோதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். சூடு கொஞ்சம் ஆறிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். என் கிண்ணத்தில் இரண்டு அவித்த முட்டையை வெட்டிப் போட்டுக்கொள்வேன், சைவக்காரர்கள் பனீரை லேசாக வதக்கிப் போடலாம். அவருக்கு உருளைக்கிழங்கை வேகவைத்துத் தனியாகச் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், வெல்லம் போடாமல். இதைச் சாப்பிட்டால் சாயங்காலம்வரை பசி எட்டிப் பார்க்காது.

அவியலும் இதே வழிதான். வாழைக்காயும் சேனையும் இல்லாமல் புடலை, முருங்கை, கத்தரி, வெள்ளரி போட்டு, தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விடலாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சாளை மலிவு, நல்ல கொழுப்பும் அதில்தான் இருக்கிறது. பொரிக்கும்போது அரிசி மாவு, சோள மாவு தடவாதீர்கள். ரசத்துக்கும் கீரைக்கும் தடை இல்லை. சாம்பாரில் பருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாடுதான் பலரைக் கவிழ்க்கும். இட்லிக்கு மாற்று தேடி அலையாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. முட்டைப் பொரியல், மீந்த அவியல், கெட்டித் தயிர், ஒரு கைப்பிடி நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, இவற்றில் எதுவும் போதும். பாலில் இருக்கிற சர்க்கரையும் கணக்கில் வரும், ஒரு டம்ளருக்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பைக் கூட்டுவது என்றால் நெய்யை டம்ளரில் ஊற்றிக் குடிப்பது என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. சோறு போன இடத்தில் வருகிற பசியை அடக்குகிற அளவுக்குக் கொழுப்பு போதும். தொடங்குமுன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை கொலஸ்டிரால் சோதனை செய்யுங்கள். பலருக்கு ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு இறங்கும், சிலருக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்டிரால் நன்றாக ஏறிவிடும். 'எல்டிஎல் ஏறினால் ஏறட்டும்' என்று சொல்கிறவர்கள் பேச்சை நான் கேட்பதில்லை. ஏறினால் நெய், வெண்ணெய், தேங்காயைக் குறைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், மீன், கொட்டைகள் பக்கம் போங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

முதல் வாரத்தில் தலைவலியும் சோர்வும் வரும். மாவு குறையும்போது இன்சுலினும் இறங்கும், அப்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். அதனால்தான் அப்படி. உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடித்தால் தெளிந்துவிடும், இதயம் அல்லது கிட்னித் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். மலச்சிக்கலுக்குக் கீரையும் அவரையும் தண்ணீரும்.

காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை கடைசியாகத்தான் இறங்கும். விடியற்காலையில் கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரையை விடுவதால் இப்படி, அதைப் பார்த்துச் சோர வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின் வருகிற எண் முதலில் திருந்தும். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி அதற்கப்புறம். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அந்தச் சோதனை கூட்டிக் காட்டலாம். பெண்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு மீட்டர் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்யாணப் பந்தியில் உட்காரும்போது முதலில் கூட்டு, அவியல், பொரியலைச் சாப்பிட்டு முடியுங்கள். சோற்றைக் கடைசியில், ஒரு கரண்டி. காயும் புரதமும் முதலில் உள்ளே போனால் அதே சோறு குறைவாகத்தான் ஏற்றும். 'எனக்குச் சர்க்கரை' என்று சொன்னால், 'ஒரு நாள்தானே' என்று பாயசத்தை ஊற்றிவிடுவார்கள். 'மதினி, அவியல் அருமையாக இருக்கு, இன்னும் கொஞ்சம் வையுங்க' என்று சொல்லிப் பாருங்கள். பரிமாறுகிறவர்களுக்கும் சந்தோஷம், இலையும் நிறைந்திருக்கும், பாயச வாளி அடுத்த இலைக்குப் போய்விடும்.