மூன்றாவது போர்வெல் போடவில்லை

பல்லடம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இரண்டாவதாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வராமல் புகைதான் வந்தது. உடனே மூன்றாவதைப் போட்டுவிட வேண்டும் என்று நான் துடித்தேன். என் மனைவியோ, “ஏனுங்க, இருக்கற தண்ணி எங்க போகுதுன்னு மொதல்ல பாக்கலாமுங்க” என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. அப்புறம் நோட்டைப் பார்த்தேன். முதல் போரில் வரும் கொஞ்சத் தண்ணீரிலும் பாதி, மரத்துக்குப் போகாமல் வாய்க்காலிலேயே வற்றியிருக்கிறது.

சரி, சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், தாசில்தார் சான்று என்று அலைய என் அவசரம்தான் உதவியது. அவளாக இருந்தால் யோசித்தே ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

இப்போது வால்வு திறக்கும் நேரத்தை அவள் குறிக்கிறாள், அடைத்த குழாயை நான் கழற்றிக் கழுவுகிறேன். மட்டை தொங்கிக் கிடந்த மரத்தில் போன வாரம் புதுப் பாளை வெடித்திருந்தது. இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.