கார்பன் சந்தையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உமிழ்வு வணிகத்தால், அதாவது வாயுக்களை வெளியிட அரசு தரும் அனுமதிகளை ஆலைகள் தங்களுக்குள் விற்று வாங்குவதால், பசுமைக்குடில் வாயுக்கள் உண்மையிலேயே குறையுமா என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னால், இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழி. டன்னையும் கிலோவையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் நாளடைவில் தானாகச் சரியாகிவிடும்.

விலையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

"அனுமதியின் விலை விழுந்தது, ஆகவே திட்டம் தோல்வி." இல்லையென்றால், "விலை ஏறியது, ஆகவே வெற்றி." இரண்டில் ஒன்று இல்லாத வரைவு என் மேசைக்கு வருவதே அபூர்வம். எத்தனை முறை அடித்துக் கொடுத்தாலும் அடுத்த வரைவில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

மொத்த உமிழ்வைக் கட்டிப்போடுவது விலை இல்லை, உச்சவரம்பு, அதாவது அரசு மொத்தமாகத் தரும் அனுமதிகளின் அளவு. இரண்டு ஆலைகள், ஒவ்வொன்றும் 100 டன் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். அரசு ஆளுக்கு 90 டன்னுக்குத்தான் அனுமதி தருகிறது. முதல் ஆலை டன்னுக்கு 10 யூரோ செலவில் குறைத்துவிடும், மற்றதற்கு 50 ஆகும். முதல் ஆலை 20 டன் குறைத்து, மிஞ்சும் 10 அனுமதிகளை மற்றதற்கு விற்கும். இருவருக்கும் லாபம், மொத்த உமிழ்வு 180. சரி, அதே அரசு மொத்தம் 210 டன்னுக்கு அனுமதி கொடுத்திருந்தால்? யாரும் எதையும் குறைக்க வேண்டியதில்லை. சந்தை மட்டும் பெயருக்கு இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்தது இதுதான். 2005இல் தொடங்கியபோது ஆலைகளின் உமிழ்வு பற்றிச் சரிபார்த்த கணக்கு கையில் இல்லை. மதிப்பீட்டை நம்பி அனுமதிகளை வாரி வழங்கினார்கள். 2006இல் முதல் சரிபார்த்த கணக்கு வந்து உபரி வெளிப்பட்டதும், 30 யூரோவை ஒட்டியிருந்த விலை மடமடவென்று சரிந்தது. அந்த அனுமதிகளை 2008க்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை, அதனால் 2007 முடிவில் விலை ஏறக்குறையப் பூஜ்யம். அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது. 2013 வாக்கில் சேர்ந்திருந்த உபரி சுமார் 200 கோடி அனுமதிகள். 2019இல் உபரியை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு வந்து, உச்சவரம்பு ஆண்டுதோறும் இறங்கும் வேகமும் கூடிய பிறகுதான் பிடி இறுகியது.

அப்படியானால் மலிவு விலை என்றாலே தோல்வியா? அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய கந்தக டைஆக்சைடு வணிகத்தில் விலை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, உமிழ்வோ நன்றாகவே குறைந்தது. கந்தகம் குறைந்த நிலக்கரி ரயிலில் மலிவாக வந்து சேர்ந்தது ஒரு முக்கியக் காரணம். அங்கே மலிவு விலைக்கு அர்த்தம், குறைப்பது எளிதாக இருந்தது என்பது. ஐரோப்பாவில் அதே மலிவுக்கு அர்த்தம், குறைக்கவே தேவையில்லை என்பது.

உச்சவரம்பு, உண்மையான உமிழ்வு, சேர்ந்திருக்கும் உபரி. இந்த மூன்றும் பக்கத்தில் இல்லாத விலை வரைபடத்தை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அலகு வரம்பை மொத்த வரம்பு என்று நினைப்பது

2021இல் வணிகம் தொடங்கிய சீனாவின் தேசியச் சந்தை, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு உமிழ்வு என்ற அளவுகோலில் அனுமதி கொடுத்தது. உற்பத்தி கூடினால் அனுமதியும் கூடும், ஆகவே அது மொத்த உமிழ்வைக் கட்டிப்போடாது.

வெளியில் வாங்கிய கிரெடிட்டை அப்படியே கழிப்பது

கிரெடிட் என்பது சந்தைக்கு வெளியே வேறெங்கோ உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும் சான்று. எச்எஃப்சி-23ஐ எடுத்துக்கொள்ளுங்கள், குளிர்பதன வாயு தயாரிப்பில் வரும் கழிவு, அதுவும் ஒரு பசுமைக்குடில் வாயு. ஒரு டன்னை அழித்தால் 11,700 டன் கார்பன் டைஆக்சைடைத் தவிர்த்ததாகக் கணக்கு வைத்து, அந்த அளவுக்குக் கிரெடிட் கொடுத்தார்கள். அழிக்கும் செலவு சொற்பம். கழிவு விற்பனைப் பொருளைவிட லாபமாகிவிட்டால் ஆலை எதைத் தயாரிக்கும்? 2013 மே மாதம் முதல் ஐரோப்பா இந்தக் கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்தியது.

அபராதம் கட்டினால் போதும் என்பது

போதாது. ஐரோப்பாவில் உமிழ்வுக்கு ஈடான அனுமதிகளை ஒப்படைக்காத ஆலை, அபராதத்தோடு விடுபட்ட அனுமதிகளையும் ஒப்படைத்தே ஆக வேண்டும்.

குறைந்ததெல்லாம் சந்தையால் என்பது

ஐரோப்பியச் சந்தைக்கு உட்பட்ட துறைகளின் உமிழ்வு 2023இல் 2005ஐவிட ஏறத்தாழ 47 சதவீதம் குறைவு. காற்றாலை, சூரிய மின்சார மானியங்களுக்கும் பொருளாதார மந்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. பிரித்துக் காட்ட முடியவில்லையா, எண்ணை மட்டும் எழுதுங்கள்.