நாட்டுப்புறப் பாட்டு பாடணுமா? மொதல்ல பின்பாட்டுக்கு நில்லுங்க

நாட்டுப்புறப் பாட்டு கத்துக்கணும்னு வர்ற பசங்கள்ல பாதிப்பேரு யூட்யூப்ல ஒரு பாட்ட எடுத்து, அதுல பாடுனவங்க எங்க மூச்சு வாங்குறாங்களோ அங்கயே மூச்சு வாங்கி அச்சு அசலா பாடிக் காட்டுறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல உருமி, தப்பு மேளம் சேந்தாலோ, எதுத்தாப்ல ஒருத்தர் பதிலுக்கு ஒரு கண்ணி, அதான் ரெண்டு வரிப் பாட்டு, எடுத்துவிட்டாலோ முழிச்சிட்டு நிக்கிறாங்க, ஏன்னா தாலாட்டு மாதிரி ஒண்ணு ரெண்ட விட்டா நம்ம பாட்டுல முக்காவாசி நாலு பேரு சேந்து பாடுறது, ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடணும்.

அதனால மொத வேலை, பின்பாட்டு. பொம்பளப் பிள்ளைகளா இருந்தா சுலபம். மதுரைய சுத்தி மேலூரு, உசிலம்பட்டி, திருமங்கலம்னு எங்கிட்டு போனாலும் அம்மன் கோயில் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவாங்க, ராத்திரி ஆனா பாரிய சுத்தி கும்மி நடக்கும். அங்க போயி வட்டத்துல கடைசி ஆளா நின்னு கை தட்டி, தன்னானேன்னு வாங்கிப் பாடுங்க, குலவை போடுங்க. பாட்டு வரி தெரியலன்னா பரவால்ல, கையும் காலும் தாளத்துல நின்னா வரி தானா வந்துரும். ஆம்பளைகளுக்கு ஒயிலாட்டம் ஆடுற ஊரு இருந்தா அங்க போங்க, இல்லன்னா சித்திரைல அழகர் மலைய விட்டு இறங்கி வர்றப்போ வர்ணிப்பு பாடுறவங்க பக்கத்துல போயி நில்லுங்க. விடிய விடிய ஒரே மெட்டுல கதை சொல்லிட்டே போவாங்க, தொண்டைய எங்க விடணும் எங்க அடக்கணும்ங்கிறத அங்க கத்துக்கிற மாதிரி எந்த கிளாஸ்லயும் கத்துக்க முடியாது.

பாட்டு சேக்குறது அடுத்து. உங்க வீட்டு அப்பத்தா, அம்மாச்சிகிட்டயே ஆரம்பிங்க. போன எடுத்து முன்னாடி நீட்டி "பாட்டி ஒரு பாட்டு பாடுங்க"ன்னா அவங்களுக்கு ஒண்ணும் வராது, வெக்கப்படுவாங்க. கூடமாட கடலை உரிக்கிறப்ப, பூக்கட்டுறப்ப, நடவுக்குப் போன கதைய கேட்டுட்டே இருந்தீங்கன்னா நடுவுல தானா ஒரு நடவுப்பாட்டு விழும், அப்ப பைய கேட்டுட்டு ரெக்கார்ட் போட்டுக்கங்க. ஒப்பாரிய மட்டும் வீட்டுக்குள்ள வச்சு பாடச் சொல்லாதீங்க. சாவு விழாத வீட்ல ஒப்பாரி வைக்கிறது ஆகாதுன்னு நெறைய பேரு பாட மாட்டாங்க, அது நாயம்தான். கேட்டே ஆகணும்னா வெளிய, தோட்டத்துப் பக்கம் உக்காந்து அவங்க சம்மதத்தோட கேளுங்க. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் ஊர் ஊரா போயி பாட்டு சேத்துதான் மேடை ஏறுனாங்க, 2018ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. அவங்க பாடுறதையும், பரவை முனியம்மா, கொல்லங்குடி கருப்பாயி பாடுனதையும் தாராளமா கேளுங்க, ஆனா குரல காப்பி அடிக்காதீங்க. அவங்க மூணு பேரு குரலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, அத கவனிச்சாலே போதும்.

இப்ப முக்கியமான விஷயம், சொந்தமா கண்ணி கட்டுறது. இது தெரியாதவங்க மேடையில ரொம்ப நேரம் தாங்க மாட்டாங்க. மெட்டு அப்படியே இருக்கும், வரி ஊருக்கு ஊரு மாறும். நான் கட்டுன ஒண்ண பாருங்க:

மாட்டுத்தாவணி பஸ்ஸேறி மல்லியப்பூ வாங்கியாந்தேன்
கேட்டதத்தான் வாங்கியாந்தேன் கேலி பேசிப் போறியேடி

மாட்டு, மல்லி. கேட்ட, கேலி. அது மோனை. மாட்டு, கேட்டன்னு ரெண்டு வரியவும் கட்டுறது எதுகை. இலக்கணத்துக்காக இல்லைங்க, மொத சொல்லு வந்துட்டா அடுத்த சொல்லு நாக்குல ஏறிரும், அதுக்குத்தான். இதே பாட்ட மேலூர்ல பாடுறீங்கன்னு வைங்க:

மேலூரு சந்தையில மெட்டி ஒண்ணு வாங்கியாந்தேன்
காலோடு சேராம காத்தாட விட்டியேடி

ஊர் பேரு விழுந்ததும் கூட்டம் விசிலடிக்கும். தினம் பஸ்ல போறப்ப ஸ்டாப்புக்கு ஒரு கண்ணி கட்டிப் பாருங்க, நல்ல பயிற்சி.

உச்சரிப்ப திருத்தாதீங்க. "வாழைப்பழம்"னு சுத்தமா சொல்லிட்டு தெம்மாங்கு பாடுனா ரேடியோ நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கும், அப்பத்தா எப்படி சொன்னாங்களோ அப்படியே விடுங்க. குரலுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, காலைல திறந்த வெளில போயி கத்திப் பழகுங்க, ஐஸ் தண்ணிய தொடாதீங்க.

மேடைன்னு வந்தா, தப்ப தீ மூட்டி காய்ச்சுனதும் சத்தம் ஏறி நிக்கும், பனி விழ விழ இறங்கும். அதனால தப்படிக்கிற அண்ணன்கிட்ட முன்னாடியே உக்காந்து பேசி, காய்ச்சுன சூட்டுல ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு தடவை பாடிப் பாத்துக்கங்க. எடுக்கும்போதே உச்சத்துல எடுத்தா நாலாவது பாட்டுல தொண்டை கட்டிரும், கொஞ்சம் கீழயே எடுங்க. மொதல்ல பிள்ளையாருக்கு ஒரு வரி, அடுத்து அந்த ஊரு சாமிக்கு, அப்பறம் சபை வணக்கம், இந்த வரிசைய மாத்துனா பெருசுக மொகம் சுளிக்கும். காசு பேசுறப்ப வாத்தியக்காரங்க பங்கையும் சேத்து மொதல்லயே பேசிருங்க, பாடுறவங்களுக்கு ஒண்ணு அடிக்கிறவங்களுக்கு ஒண்ணுன்னு பிரிக்கிறது எனக்குப் பிடிக்காது.

மைக் செட்டுக்காரர்கிட்ட எக்கோவ கொறைக்கச் சொல்லுங்க, அவரு கேக்க மாட்டாரு, திரும்பவும் சொல்லுங்க. குழாய் ஸ்பீக்கர்ல எக்கோவும் சேந்தா ஒரு வார்த்தையும் விளங்காது. பத்து மணிக்கு மேல மைக் போடக்கூடாதுன்னு போலீஸ் வந்து நிக்கும், அதனால நல்ல பாட்டயெல்லாம் கடைசிக்குன்னு ஒதுக்கி வைக்காதீங்க.