பெரிய ஜெர்ஸியை உங்கள் அளவுக்கு நீங்களே தைத்துக்கொள்வது எப்படி?

அணியின் ஜெர்ஸி வாங்கப் போகும் பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைதான் கிடைக்கும். ஒன்று, ஆண்களின் உடலுக்கு அளவெடுத்துவிட்டு 'எல்லோருக்கும்' என்று எழுதி விற்பது. தோள் தையல் கையில் பாதி தூரம் இறங்கி நிற்கும். இன்னொன்று, அணியின் நிறத்தையே கைவிட்டு இளஞ்சிவப்பில் ஜிகினா ஒட்டி வருவது. அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்தால், நாம் எந்த அணிக்குக் கத்துகிறோம் என்று பக்கத்து இருக்கைக்காரருக்கே புரியாது.

இந்தக் குறை புதிதல்ல. பெண் ரசிகைகளுக்குப் பிடித்த மாதிரி உடையே இல்லை என்று சொல்லி, அமெரிக்க நடிகை அலிசா மிலானோ 2007-இல் பேஸ்பால் அணிகளுக்காக 'டச்' என்ற உடை வரிசையைத் தொடங்கினார். 2023 மகளிர் உலகக் கோப்பையின்போது இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி எர்ப்ஸின் ஜெர்ஸியை நைக்கி முதலில் விற்பனைக்கே வைக்கவில்லை. ஒன்றரை லட்சம் பேர் மனுவில் கையெழுத்திட்ட பிறகுதான் குறைந்த எண்ணிக்கையில் விற்றது.

கடை மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மெஷினில் கோட்டின்மேல் தைக்கத் தெரிந்தால், பெரிய ஜெர்ஸியைக் கச்சிதமாக்கிவிடலாம். ஒரே ஒரு விதி: நிறம், எண், சின்னம் மூன்றிலும் கை வைக்கக் கூடாது. பக்கவாட்டையும் கையையும் கீழ் ஓரத்தையும் மட்டும் மாற்றுகிறோம். கையெழுத்து வாங்கிய ஜெர்ஸி, இனி கிடைக்காத பழைய ஜெர்ஸி இவற்றில் கை பழக வேண்டாம்.

1. ஊசியை மாற்றுங்கள்

ஜெர்ஸித் துணி பின்னலாடை வகை, அதுவும் பாலியெஸ்டர். கூர்மையான சாதாரண ஊசி அதன் இழையை அறுத்துவிடும். துவைக்கத் துவைக்க தையலை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி வாங்குங்கள், 75 அல்லது 80 எண் போதும். நூலும் பாலியெஸ்டராகவே இருக்கட்டும். குண்டூசிக்குப் பதில் கிளிப் நல்லது. அப்புறம் துணியில் கோடு போடும் சாக்பீஸ், அளவு டேப், கத்தரிக்கோல்.

2. அளவெடுங்கள்

இந்த இடத்தில் அவசரமே கூடாது. மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான பகுதி என மூன்று இடத்தில் உடலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றோடும் 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள். கோல் விழும்போது துள்ளிக் குதித்துக் கையைத் தூக்குவீர்கள் அல்லவா, அதற்கான தளர்வு இது. உடலோடு ஒட்டினால்தான் பெண்கள் உடை என்ற எண்ணம் எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடித்தால் 6 வரை குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் முதுகில் உள்ள எண் இழுபட்டு, நாளடைவில் வெடிக்கும்.

கணக்கு எளிது. உங்கள் மார்பளவு 90 என்றால் வேண்டியது 100. ஜெர்ஸியின் சுற்றளவு 112 என்றால் 12 அதிகம். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது என நான்காகப் பிரித்தால் 3. ஜெர்ஸியைத் தட்டையாக விரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் 3 சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும்.

3. கோடு போடுங்கள்

ஜெர்ஸியை உள்வெளியாகத் திருப்பி மேசையில் விரியுங்கள். கையின் விளிம்பில் தொடங்கி, அக்குள் வழியாக, பக்கவாட்டில் கீழ் ஓரம்வரை ஒரே கோடாக இழுங்கள். இடுப்பில் லேசாக உள்ளே வளையட்டும், அதற்குக் கீழே மறுபடி வெளியே வரட்டும். புதிதாகத் தைப்பவர்கள் பலர் மேலிருந்து கீழ்வரை நேர்கோடு போட்டுவிடுவார்கள். மார்பில் சரியாக இருக்கும், கீழே போய் மாட்டிக்கொண்டு, நடக்க நடக்க மேலே ஏறும்.

அக்குளில் இன்னும் கவனம் தேவை. புதிய கோடு பழைய அக்குள் தையலைவிடக் கீழே இறங்கவே கூடாது. இறங்கினால், கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த ஜெர்ஸியும் கூடவே தூக்கும்.

பக்கவாட்டில் வேறு நிறப் பட்டை இருந்தால், அது இரு பக்கமும் ஒரே அளவு குறைகிறதா என்று பாருங்கள். கையில் சின்னம் ஒட்டியிருந்தால் கோடு அதன்மேல் ஏறக் கூடாது.

4. முதலில் கையால் ஓட்டுங்கள்

கோட்டின்மேல் ஊசிநூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். பிடித்தால் மட்டும் மெஷின். இன்னும் எதையும் வெட்டவில்லை என்பதால் பயமே இல்லை.

5. மெஷினில் தையுங்கள்

நேர்த் தையல் பின்னலாடையில் இழுத்தவுடன் அறுந்துவிடும். ஜிக்ஜாக் வையுங்கள்: நீளம் 2.5 மில்லிமீட்டர், அகலம் 1 போதும். ஜிக்ஜாக் இல்லாத மெஷின் என்றால் துணியை மிக லேசாக இழுத்துப் பிடித்து நேர்த் தையலே இரண்டு வரிசை போடலாம். துணியைப் பின்னாலிருந்து இழுத்து ஓட்டாதீர்கள், ஓரம் அலை அலையாக வந்துவிடும்.

இப்போது தையலிலிருந்து 1 சென்டிமீட்டர் விட்டு, மிச்சத்தை வெட்டுங்கள். இந்தத் துணி நூல் பிரியாது, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

6. நீளம்

வேண்டிய நீளத்துக்குக் கீழே 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அதை உள்ளே மடித்து, அதே ஜிக்ஜாக் தையல். வெட்டும் முன் ஒருமுறை முதுகைப் பாருங்கள். எண்ணின் அடிப்பகுதிக்குக் கீழே ஒரு கையகலமாவது இடம் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். தொப்புள் தெரியும் அளவுக்குக் குட்டையாக்க நினைத்தால், எண் பாதியில் அறுபடும் ஜெர்ஸியில் அதைச் செய்யாதீர்கள்.

கழுத்தை விட்டுவிடுங்கள். வட்டக் கழுத்தை 'வி' வடிவில் வெட்டும் வீடியோக்கள் ஏராளம், ஆனால் பட்டி இல்லாத கழுத்து சில துவைப்பிலேயே சுருண்டு தொங்கும்.

7. இஸ்திரி, துவைப்பு

எண்ணும் பெயரும் பெரும்பாலும் சூட்டில் ஒட்டப்பட்டவை, சூட்டிலேயே உரியும். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் உட்புறத்தில், குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி வைத்து. உள்வெளியாகத் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவையுங்கள், நிழலில் காயப் போடுங்கள். டிரையர் வேண்டாம்.

பார்த்தவர்கள் 'எனக்கும் ஒன்று' என்று கேட்பார்கள். அவர்களுடைய ஜெர்ஸியை மாற்றிக் கொடுப்பது வேறு, அணிச் சின்னத்தோடு புது உடை தைத்து விற்பது வேறு. இரண்டாவதற்கு அணியிடமோ லீக்கிடமோ உரிமம் வாங்க வேண்டும். கிறிஸ்டின் யூஸ்செக் என்ற பெண் ஜெர்ஸிகளை வெட்டிக் குளிர்கால ஜாக்கெட் தைத்துவந்தவர். 2024 ஜனவரியில் அவர் தைத்த, ஒரு வீரரின் 87 எண் போட்ட ஜாக்கெட்டைப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தார். அதே மாதம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். கிறிஸ்டினுக்கு உரிமம் கொடுத்தது.