வார்டு வேலையை விடாமல் என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிப்பது எப்படி

பெங்களூரில் ஓசூர் சாலைப் பக்கத்து மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ்ச் செவிலியர்களிடம், அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக (ஆர்என்) உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வைப் பற்றிப் பேச்செடுத்தால், படிக்க நேரம் ஏது என்பதுதான் முதலில் வரும் பதில். நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவள்தான். முழுநேர வேலையோடு படித்துத் தேறிய பிறகு யோசித்துப் பார்த்தால், நேரக் குறைவைவிட என்னை அதிகம் இடறியது வார்டுப் பழக்கம்தான் என்று தெரிகிறது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர் கேள்வியைப் பாதி படித்ததுமே, நேற்று தாம் செய்ததை விடையாகத் தேர்ந்தெடுத்துவிடுவார். தேர்வு கேட்பதோ செய்ய வேண்டியதை.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். இரத்தம் ஏற்றத் தொடங்கிய 15 நிமிடத்தில் நோயாளி குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் இருப்பதாகச் சொல்கிறார், செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு பயிற்சிக் கேள்வி. டாக்டருக்குத் தெரிவிப்பது என்ற விடையைத் தயங்காமல் குறித்தேன், ஏனென்றால் எங்கள் வார்டில் எது நடந்தாலும் கை முதலில் இன்டர்காமுக்குத்தான் போகும். சரியான விடை, இரத்தம் ஏறுவதை அந்த நொடியே நிறுத்துவது. அதன் பிறகுதான் புதிய டியூபிங் மாட்டி நார்மல் சலைன் ஓடவிட்டு, வைட்டல்ஸ் (நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, வெப்பம்) பார்த்து, டாக்டருக்கும் இரத்த வங்கிக்கும் சொல்ல வேண்டும். இந்த நான்கும் எனக்குத் தெரியாதவை அல்ல, வரிசையில்தான் தவறினேன்.

ஆறுதல் சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. நாளைக்கு அறுவை சிகிச்சை, பயமாக இருக்கிறது என்று அழும் அம்மாவிடம் தமிழில் 'ஒன்னும் ஆகாதும்மா' என்றும் கன்னடத்தில் 'ஏனூ ஆகல்லம்மா' என்றும் சொல்லியே பழகியிருக்கிறோம். என்கிளெக்ஸ் இதைப் பொய்யான உறுதிமொழி என்று தள்ளிவிடும். எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று கேட்டு அவரைப் பேசவிடும் விடையே அங்கே செல்லும். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகளும் நமக்குப் புதியவை. நோயாளியை மதிப்பிடுவது, கற்பிப்பது, சிகிச்சையின் பலனைக் கணிப்பது ஆகியவற்றை ஆர்என் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நிலை சீராக உள்ள நோயாளிக்கு வைட்டல்ஸ் பார்ப்பதையும் குளிப்பாட்டுவதையும் உதவியாளரிடம் விடலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் பராமரிப்பு மேலாண்மைக்கு மட்டும் 15 முதல் 21 விழுக்காடும், மருந்துகள் பகுதிக்கு 13 முதல் 19 விழுக்காடும் ஒதுக்கியிருந்தார்கள். நம்மில் பலர் மாதக்கணக்கில் உடற்கூறு படித்துவிட்டு இந்த இரண்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150, இடைவேளையும் சேர்த்து ஐந்து மணி நேரம். நீங்கள் விடையளிக்க அளிக்க, கணினி அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே போகும்; ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்லவோ பழைய கேள்விக்குத் திரும்பவோ முடியாது. உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் அது நின்றுவிடும் என்பதால், 85-இல் நின்றது என்பதை மட்டும் வைத்து மகிழவும் முடியாது, அழவும் முடியாது. பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் சரியானதற்கு ஒரு மதிப்பெண் கூடும், தவறானதற்கு ஒன்று குறையும், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்றைத் தொட்டுவைக்கும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே விட்டுவிடுங்கள்.

இனி ரோஸ்டருக்கு, அதாவது டியூட்டிப் பட்டியலுக்கு, வருவோம். தினமும் இரண்டு மணி நேரம் என்று போடும் அட்டவணை ஷிஃப்ட் வேலையில் முதல் நைட்டோடு கவிழ்ந்துவிடும். மாதத்தின் ரோஸ்டர் கைக்கு வந்த அன்றே அதன் மேலேயே படிப்பையும் குறித்துவிடுங்கள். மார்னிங் டியூட்டி உள்ள நாளில், வந்து குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்கிய பிறகு 25 கேள்விகள் போதும். ஈவ்னிங் டியூட்டி என்றால் காலையே உங்களுக்குச் சொந்தம், புதிய பாடங்களை அந்த வாரத்தில் வையுங்கள். நைட் முடித்து வந்த காலையில் புத்தகத்தைத் தொடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன், ஒரே பக்கத்தை நான்கு முறை படித்ததுதான் மிச்சம். மாலையில் எழுந்த பின், டியூட்டிக்குப் புறப்படுமுன், முன்பு தவறவிட்ட கேள்விகளை மட்டும் புரட்டலாம். வார ஆஃபில் 85 கேள்விகளை ஒரே மூச்சில் உட்கார்ந்து செய்துவிட்டு, செய்ய ஆன நேரத்தைப்போல் இரு மடங்கு நேரத்தை விளக்கங்களைப் படிக்கச் செலவிட வேண்டும். என் அறையில் இருந்த கோட்டயத்துச் சேச்சி, தான் தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தன் விடை ஏன் தவறு என்பதை எனக்கு வாய்விட்டு விளக்குவார். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு அவ்வளவு பயன்படவில்லை.

டியூட்டி நேரத்தில் கைப்பேசியில் கேள்வி போட்டுப் பார்க்காதீர்கள், அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஆனால் மருந்து ட்ரேயைத் தயார் செய்யும்போது, ஒவ்வொரு மருந்துக்கும் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்தபின் எதைக் கவனிக்க வேண்டும் என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. இதய மருந்தான டிகாக்சின் என்றால் ஒரு முழு நிமிடம் ஏபிகல் பல்ஸ் (மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் துடிப்பு) எண்ண வேண்டும், 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைக்க வேண்டும், பொட்டாசியம் குறைந்தால் நச்சுத்தன்மை கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில், ஹெபாரினுக்கு ஏபிடிடி என்ற உறைதல் சோதனை, முறிவு புரோட்டமின். வார்ஃபரினுக்கு ஐஎன்ஆர் என்ற உறைதல் சோதனை, முறிவு வைட்டமின் கே. அன்று கையில் எடுத்த மருந்துகளில் மூன்றை மட்டும் வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள், நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ அதில் வரக்கூடாது. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அல்பியூட்டரால், பெத்திடின் மெபெரிடின், அட்ரினலின் எபிநெஃப்ரின்; இந்தப் பெயர்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள்.

படிப்பைவிட அதிக மாதங்களைத் தின்பது காகித வேலை, ஆகவே இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்தவர்கள் பெங்களூரில் எத்தனை ஆண்டு வேலை பார்த்திருந்தாலும், தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சிலிலிருந்தும் படித்த கல்லூரியிலிருந்தும் அமெரிக்காவுக்குச் சரிபார்ப்பு போயாக வேண்டும். நமக்கென்றே ஒரு தனித் தொல்லை, இனிஷியல். சான்றிதழில் 'எம். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா முருகன்' என்று இருந்தால் தொடக்கத்திலேயே சரிசெய்துவிடுங்கள். இங்கே தேர்வு மையத்தில் செல்லும் அடையாள ஆவணம் பாஸ்போர்ட் ஒன்றுதான், அதிலுள்ள பெயரும் தேர்வு அனுமதிக் கடிதத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உரிமம் தரும் அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியத்துக்குக் கட்டுவது தவிர, பதிவுக்கு 200 டாலரும் அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு 150 டாலரும் வரியும் ஆகும்.

அனுமதிக் கடிதம் பெரும்பாலும் 90 நாள்தான் செல்லும், நீட்டிப்பும் கிடையாது. அது வந்த அன்றே பெங்களூர் மையத்தில் தேதி பிடித்துவிட்டு, அதற்கு முந்திய மூன்று நாள்களில் நைட் வராதபடி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். காரணத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றால், யாருடனாவது டியூட்டி மாற்றிக்கொண்டு கடனைப் பிறகு கழித்துக்கொள்ளலாம். எனக்காகச் சேச்சி இரண்டு நைட் பார்த்தார், அவருடைய தேர்வின்போது நான் மூன்று பார்த்தேன். முந்திய வார ஆஃபில் ஒரு முறை மையம் வரை போய்வந்துவிடுங்கள். அரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டிய நாளில், சில்க் போர்டு சந்திப்பு எவ்வளவு நேரம் பிடித்துவைக்கும் என்பதை அன்றே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.