ஆய்வுக்கு எடுக்கும் எண்ணெய் கெட்டுப்போவது கிணற்றடியில்தான்

மன்னார்க் கடலில் 2011இல் டொராடோ, பராக்குடா கிணறுகளில் இயற்கை வாயு கண்டார்கள். அங்கே திரும்பத் துளையிடும் நாள் வந்தால், கொழும்பிலிருந்து போகிற நம் பிள்ளைகள் முதலில் சரியாகச் செய்ய வேண்டியது, எண்ணெயிலும் வாயுவிலும் ஆய்வுக்கு மாதிரி எடுப்பது. பிழையான மாதிரியைக் கொடுத்தாலும் ஆய்வுகூடம் துல்லியமாகத்தான் அளக்கும். ஆனால் அளந்தது நிலத்தடியில் இருந்த எண்ணெயை அல்ல.

பெரிய தவறு, பிந்திப்போவது. நிலத்தடியில் எண்ணெய்க்குள் வாயு கரைந்து கிடக்கும். அழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால், மூடி திறந்த சோடாப் போத்தல் போலக் குமிழி விட்டுப் பிரியும். பிரிந்த இரண்டும் ஒரே வேகத்தில் கிணற்றுக்கு வராது. பழைய விகிதம் போய்விட்டது. சில வாயுக் கிணறுகளிலோ இது தலைகீழ்: திரவம் துளித்துப் பாறைக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே அழுத்தம் விழுமுன், தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

கிணற்றை முழு வேகத்தில் ஓடவிட்டு எடுப்பதும் இதே பிழைதான். தூரத்துப் பாறையில் அழுத்தம் நன்றாக இருந்தாலும் கிணற்றடியில் விழுந்திருக்கும். ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, வாயு-எண்ணெய் விகிதம் நிலைக்கும்வரை காத்திருங்கள். ரிக் என்கிற துளையிடும் மேடையின் வாடகை ஏறுகிறதென்று மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேற்பரப்பில், வாயுவையும் எண்ணெயையும் பிரிக்கும் பிரிகலனிலிருந்து எடுப்பதானால் வாயுவைக் காலையிலும் எண்ணெயைப் பின்னேரமும் எடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில், அப்போதைய அழுத்தம், வெப்பநிலை, ஓட்ட அளவுகளோடு வேண்டும். அந்த விகிதத்தை வைத்துத்தான் ஆய்வுகூடம் இரண்டையும் திரும்பச் சேர்க்கும். ஐதரசன் சல்பைட் என்ற நச்சு வாயுவை அங்கேயே அளந்துவிடுங்கள். சாதாரண உருக்குச் சிலிண்டரின் சுவரே அதை உறிஞ்சிவிடும்.

சிலிண்டரைத் திரவத்தால் முட்ட நிரப்பி அனுப்புவது உயிராபத்து. துறைமுக வெயிலில் திரவம் விரியும். இடமில்லாவிட்டால் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். பத்தில் ஒரு பங்களவு வாயு இடைவெளி வையுங்கள். உள்ளே நகரும் பிஸ்டனின் ஒரு பக்கம் மாதிரியும் மறுபக்கம் வேறு திரவமும் இருக்கும் சிலிண்டரானால், மாதிரியை வெளியே விடாமல், பிஸ்டனுக்குப் பின்னாலுள்ள திரவத்தைக் கொஞ்சம் வடித்தால் போதும்.

சரி, சிலிண்டர் ஆய்வுகூடத்துக்கு வந்துவிட்டது. உடனே வால்வைத் திறந்து கொஞ்சம் ஊற்றிப் பார்க்காதீர்கள். வரும் வழியில் குளிர்ந்து வாயு பிரிந்திருக்கும், மெழுகு படிந்திருக்கும். எண்ணெய் தேங்கியிருந்த நிலத்தடிப் பாறையின் வெப்பநிலைக்குச் சூடாக்கி, அழுத்தம் ஏற்றி, நன்றாகக் குலுக்குங்கள். எண்ணெயிலுள்ள கனமான, தார் போன்ற அசுபால்ட்டீன் படிந்திருந்தால் நாட்கணக்கில்கூட எடுக்கும். அப்புறம், ஒரே நேரத்தில் எடுத்த இரட்டைச் சிலிண்டர்களில் குமிழி தோன்றும் அழுத்தத்தை ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் பகுப்பாய்வைத் தொடங்கவே வேண்டாம்.